சிறியாநங்கைதான் நிலவேம்பு என்று எனக்குத் தெரிந்த நாள்

ஆச்சி வீட்டுப் புறவாசலில் கிணற்றடி ஈரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி தானாக முளைத்து நிற்கும். ஆச்சி அதைச் சிறியாநங்கை என்பாள். வெள்ளைப் பூ பொடிசாக, உள்ளே ஊதாக் கறையோடு இருக்கும்.

2012இல் டெங்கு பரவி எல்லோரும் நிலவேம்பு நிலவேம்பு என்று தேடிய சமயம், நானும் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த நிலவேம்பு ஒரு கட்டு வாங்கி வந்தேன். ஆச்சி ஒரு குச்சியை எடுத்து விரலில் உருட்டினாள். உருளவில்லை, தண்டு நாலு பட்டை. "பொறவாசல்ல நிக்கிறத விட்டுட்டு கடையில போயி வாங்கியிருக்கியே, இது நம்ம சிறியாநங்கைலா" என்றாள். பச்சை இலையையும் காய்ந்த இலையையும் மென்று பார்த்தேன், ஒரே கசப்பு, பனங்கருப்பட்டியைக் கடித்த பிறகும் அடித்தொண்டையில் அப்படியே நின்றது.

பெயரில் வேம்பு இருந்தாலும் வேப்பமரத்துக்கும் இதற்கும் உறவில்லை, இது ஆடாதோடைக் குடும்பம். தரையோடு வளர்ந்து வேம்பு போலக் கசப்பதால் நிலவேம்பு, அவ்வளவுதான். ஆனால் சிறியாநங்கை என்று கேட்டால் சில பக்கம் வேறொரு செடியைக் காட்டுகிறார்கள், அதனால் பெயரை மட்டும் நம்பிப் பறிக்காதீர்கள், தண்டையும் பூவையும் பாருங்கள்.

இன்னொன்று, தனி நிலவேம்பும் நிலவேம்புக் குடிநீரும் ஒன்றில்லை. குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, பற்பாடகம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சந்தனம், சுக்கு, மிளகு எல்லாம் சேர்த்து மொத்தம் 9 சரக்கு. 200 மில்லி தண்ணீரில் பொடியைப் போட்டு 50 மில்லியாகச் சுண்டவைத்து, சூடு ஆறுவதற்குள் ஆச்சி குடிக்க வைத்துவிடுவாள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கொடுக்கவே மாட்டாள், அது சரியான எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு ஆச்சியோடு சண்டை. பாம்பு கடித்தவருக்கு இந்த இலை கசக்காவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தமாம். கசக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் உயிரே போய்விடும், நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், விஷமுறிவு ஊசிதான் காப்பாற்றும்.

இப்போது செடியில் காய் முற்றியிருக்கிறது. வெயில் ஏறினால் வெடித்து விதை தெறித்துவிடும், அதனால் காலையிலேயே பறித்து உறையில் போட்டு, மேலே இரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.