வீட்டுத் தரிசிப்பும் டப்பும்: உங்களுக்கு நடந்தது என்ன?

ஒட்டுசுட்டான் மிஸ்ஸி
நான் குடும்பநல மருத்துவமாது, ஊரில் மிஸ்ஸி என்பார்கள். வீட்டுத் தரிசிப்பில் கர்ப்பிணித் தாயின் விபரத்தை எச் 512 என்ற கர்ப்பகாலப் பதிவு அட்டையில் எழுத வேண்டும். அதை எழுதியபிறகு அதையே டப்பிலும், அதாவது டப்லெட் கணினியிலும், அடிக்க வேண்டும். அன்று நாலாவது வீடு, முப்பத்தாறு கிழமை வயிறு. சிக்னல் விட்டு விட்டு வந்ததால் பிரஷர் எண்ணை மூன்றாம் தடவை அடித்துக்கொண்டிருந்தேன். "மிஸ்ஸி, காலமை தொடங்கி பிள்ளைத் துடிப்புக் குறைவா இருக்கு" என்றாள். "ம்" என்றேன். விரலை எடுக்கவில்லை. அவள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். மறுபடியும் சொன்னாள், சத்தம் இன்னும் குறைவாக. அப்போதுதான் நிமிர்ந்தேன். உதடு காய்ந்து போயிருந்தது. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், அன்றிரவே சிசேரியன். பிள்ளை சுகம். அந்த "ம்" மட்டும் இன்னும் காதில் கேட்கிறது.

கண்டாவளை அம்மா
தங்கச்சி, டப்பைக் குறை சொல்லாதேங்கோ. 2018 டிசம்பர் வெள்ளத்தில் என் மகனின் கிளினிக் கொப்பி கூழாகிவிட்டது. தாள் தாளாகப் பிரித்து வெயிலில் போட்டேன், மை முழுக்கக் கரைந்து நீலமாகக் கிடந்தது. எங்கள் மிஸ்ஸி தன் பதிவேட்டைப் பார்த்து ஊசி விபரம் எழுதித் தந்தா. அதுவும் நனைந்திருந்தால்?

மல்லாவிப் பெடியன்
அக்கா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2009 போரில் மாத்தளனிலிருந்து செட்டிகுளம் முகாம் வரை அம்மா தம்பியின் ஊசி அட்டையைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தா. முகாமில் அதைப் பார்த்துத்தான் மிச்ச ஊசி போட்டார்கள். அதற்குச் சார்ஜும் வேண்டியிருக்கவில்லை, கடவுச்சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, துணுக்காய்
எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது, அது கொப்பிக் காலம். குனிந்து எழுதிக்கொண்டிருந்ததில் தாயின் கால் வீக்கத்தைக் கவனிக்கவில்லை. ஆகவே பிள்ளை, நான் சொல்வதைக் கேளும். வீட்டுக்குள் போனதும் பையைத் திறக்காதேயும். முதலில் முகத்தைப் பார்த்துக் கேளும்: துடிப்பு எப்படி, தலையிடி இருக்கா, கண் மங்குதா, கால் வீங்குதா. துடிப்புக் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி, நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. பிறகு அட்டை. டப் கடைசியில், படலைக்கு வெளியே மர நிழலில். சிக்னல் இல்லாவிட்டால் பணிமனைக்குப் போய் அடியும். மூவாயிரம் பேருக்கு ஒரு மிஸ்ஸி என்பதுதான் கணக்கு, பக்கத்துப் பிரிவில் ஆள் இல்லையென்றால் அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறீர். ஒரே விபரத்தை இரண்டு தரம் எழுத எங்கே நேரம்? மாதாந்தக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து எழுத்தில் கொடுங்கோ, ஒன்று போதும் என்று.

ஒட்டுசுட்டான் மிஸ்ஸி
சரி அம்மா, கேட்டுக்கொண்டேன். நாளைக்குக் கிளினிக்கில் அந்தப் பிள்ளைக்கு ஒன்பதாம் மாத ஊசி. தாயிடம் அந்த "ம்" பற்றிச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.