பெரியப்பாவின் லைக்கா: ஏல விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இருக்கிறேன். சொல்தாவாக (பிரெஞ்சு ராணுவ வீரராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவின் பீரோவில் லைக்கா எம்6 பிளாட்டினம் கேமரா ஒன்று கிடைத்தது. புகைப்படக் கலையின் 150ஆம் ஆண்டையொட்டி 1989இல் 1250 மட்டுமே வந்த ஃபிலிம் கேமரா. மரப்பெட்டி இருக்கிறது, சான்றிதழைத்தான் காணோம். கடல் காற்றோ என்னவோ, லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை.

2022இல் ஜெர்மனி ஏலத்தில் ஒரு லைக்கா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனதைப் படித்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு பிளான் போடுகிறான். அது லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக்கே வைத்திருந்த கேமராப்பா என்றால் கேட்டால்தானே!

பூஞ்சையை இங்கே துடைக்கக் கொடுக்கலாமா, அப்படியே ஏலத்துக்கு அனுப்புவதுதான் நல்லதா? சான்றிதழ் இல்லாததால் விலை எவ்வளவு இறங்கும்? அப்புறம், கமிஷன், கஸ்டம்ஸ் போக கையில் என்ன நிற்கும்? அனுப்பிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.