மெத்திலேஷன்: வாய்ப்புற்றுக்குக் காரணமா, அதன் தடமா?

கயல்_மரபியல்:
தலை, கழுத்துப் புற்று என்றாலே டிஎன்ஏவின் எழுத்து மாறும் மியூட்டேஷனோடு பேச்சை முடித்துவிடுகிறோம். டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரு மரபணு ஊமையாகலாம். செல் கட்டுமீறிப் பிரியாமல் தடுப்பது பி16 புரதம். அதன் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் என்னும் சிறு வேதிக் குறிகள் ஏறிவிட்டால் புரதம் உருவாவது நின்றுவிடும். இப்படி ஏறுவதுதான் மெத்திலேஷன். தலை, கழுத்துப் புற்று உட்படப் பல புற்றுகளில் இதை 1995லேயே காட்டிவிட்டார்கள். வாயில் வெள்ளைத் திட்டு மட்டும் இருக்கும் கட்டத்திலேயே இது தென்படுகிறது. நோய்க்கு முன்பே வருவதை வெறும் விளைவு என்று எப்படி ஒதுக்குவது?

வாய்_சர்ஜன்:
முன்னால வந்ததாலேயே காரணம்னு ஆயிடாது மேடம். பல வருஷம் புகையிலை அடக்கின வாயில எத்தனையோ மாறியிருக்கும், மெத்திலேஷனும் அதுல ஒண்ணு. அமெரிக்காவோட புற்றுநோய் மரபணுத்தொகுதித் திட்டம் 279 கட்டிகளை அலசி 2015ல வெளியிட்டுச்சு. எச்பிவி வைரஸ் இல்லாத கட்டிகள்ல பெரும்பாலும் புற்றைத் தடுக்கிற டிபி53 மரபணு கெட்டிருந்தது. பி16ம் செயலிழந்துதான் இருந்தது. ஆனா பெரும்பாலானதுல அந்த டிஎன்ஏ துண்டே காணாமப் போயிருந்தது, இல்ல மியூட்டேஷன். மெத்திலேஷனால அணைஞ்சது சிறுபான்மைதான். எச்பிவி வர்ற தொண்டைப்புற்றுல இன்னும் தலைகீழ். வைரஸோட ஈ7 புரதம், செல் பிரியறதைக் கட்டுப்படுத்துற ஆர்பி புரதத்தை முடக்கிடுறதால பி16 குவிஞ்சு கிடக்கும். அதைச் சாயம் போட்டுப் பார்த்துத்தான் அந்த வகைன்னே சொல்றோம்.

கயல்_மரபியல்:
எச்பிவி வகை தனி நோய், நான் பேசுவது புகையிலை வாயைப் பற்றி. காரணமா என்பதற்கு நேரடிச் சோதனையே இருக்கிறது, சார். 2014ல் எலிகளின் பி16க்கு அருகே மெத்திலேஷனை ஈர்க்கும் ஒரு துண்டைச் செருகினார்கள். பி16 மரபணு முழுசாக இருந்தும் அது அடங்கியது. அந்த எலிகளுக்குத் தானாகக் கட்டிகள் வந்தன, ஆயுளும் குறைந்தது.

இன்னொன்று, மெத்திலேஷன் கூடினால்தான் ஆபத்து என்றில்லை. டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒரு குறியைப் போடுவது என்எஸ்டி1 மரபணுவின் வேலை. அந்தக் குறி இருக்கும் இடத்தில்தான் டிஎன்எம்டி3ஏ நொதி வந்து மெத்தில் ஏற்றும். என்எஸ்டி1 பழுதான கட்டிகளில் மரபுத்தொகுதி எங்கும் மெத்திலேஷன் சரிந்துவிடுகிறது. தலை, கழுத்துப் புற்றில் அப்படி ஒரு தனிக் கூட்டமே உண்டு, குரல்வளையில் அதிகம்.

வாய்_சர்ஜன்:
அது என் கட்சிக்குத்தானே பலம்? முதல்ல கெட்டது என்எஸ்டி1. மெத்திலேஷன் அதுக்கப்புறம்.

எண்_பார்ப்பவன்:
இரண்டு பேரும் எண்களை அப்படியே நம்புகிறீர்கள். கட்டியில் வெட்டியெடுத்த துண்டில் புற்றுச் செல், நார்த்திசு, நோயெதிர்ப்புச் செல் எல்லாம் கலந்திருக்கும். செல்லுக்குச் செல் மெத்திலேஷன் வேறு, வயதோடும் மாறும். கலவை மாறியதையே மெத்திலேஷன் மாறியதாகப் படித்த கட்டுரைகள் நிறைய. போதாக்குறைக்கு, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பழைய பிசிஆர் முறை, மெத்தில் ஏறியது ஆயிரத்தில் ஒரு பிரதி இருந்தாலே ‘உண்டு’ என்று காட்டும். பி16 மெத்திலேஷன் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு தாறுமாறாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த எலிச் சோதனையும் வாய்ப்புற்றைக் குறித்துச் செய்ததல்ல.

வாய்_சர்ஜன்:
என் கவலையே வேற. இந்த மெத்திலேஷனை வெச்சு எச்சில் பரிசோதனைன்னு ஒண்ணை விக்க ஆரம்பிச்சிடுவாங்க. திருவனந்தபுரம் மாவட்டத்துல 1996ல தொடங்கின ஆய்வைப் பாருங்க. பயிற்சி கொடுத்த களப்பணியாளர்கள் வீடு வீடாப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால பார்த்தாங்க. புகையிலை, மது பழக்கம் உள்ளவங்ககிட்ட வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைஞ்சதுன்னு 2005ல வெளிவந்தது. ஒரு டார்ச்சும் பொறுமையும் போதும். எங்ககிட்ட வர்றவங்க வாய் திறக்கவே முடியாத நிலைமைல வர்றாங்க. யாராவது முன்னாடியே பார்த்திருந்தா அந்தத் தாடை தப்பிச்சிருக்கும்.

கயல்_மரபியல்:
கண்ணால் பார்ப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை புற்றாவதில்லை. எதை வெட்டுவது, எதை விடுவது என்று டார்ச் சொல்லாது. மெத்திலேஷன் திரும்பக்கூடியது என்பதும் முக்கியம். சிகரெட்டால் ரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் மரபணுவின் மெத்திலேஷன் குறைகிறது. பழக்கத்தை விட்டவர்களுக்கு அது மெல்ல மெல்ல ஏறி வருகிறது. அறுந்துபோன டிஎன்ஏ அப்படித் திரும்பாதே, சார்.

வாய்_சர்ஜன்:
ரத்தத்துல திரும்புது, சரி. புகையிலையை விட்டவங்களோட வாய்த் திட்டுல பி16 திரும்புதா, திரும்பினவங்களுக்குப் புற்று குறையுதான்னு பயாப்ஸி எடுத்துக் காட்டுங்க. அதைக் காட்டினா எங்க ஓபியிலயே நான் ஆரம்பிக்கிறேன்.