அரபிடாப்சிஸ் 4ஆம் குரோமோசோம்: நடுவில் ஒரு துண்டில் மட்டும் ரீகாம்பினன்ட் கிடைக்கவில்லை

நாற்றங்கால்:
வணக்கம். அரபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியின் கொலம்பியா வகையில், இஎம்எஸ் என்ற டிஎன்ஏவை மாற்றும் வேதிப்பொருள் மூலம் எடுத்த ஒடுங்கு மியூட்டன்ட் (ஜீனின் இரண்டு பிரதியும் மாறினால்தான் வெளியே தெரியும்) இது. லேண்ட்ஸ்பெர்க் என்ற இன்னொரு வகையுடன் கலந்து, எஃப்2-வில் (எஃப்1 கலப்புச் செடிக்கு அடுத்த தலைமுறையில்) மியூட்டன்ட் செடிகளை மட்டும் பொறுக்கி, ஜீன் எங்கே என்று மேப் செய்கிறேன். 4ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் சிஐடபிள்யூ5, என்ஜிஏ8 என்ற இரண்டு மார்க்கர்களுக்கு (இரு வகைகளிலும் நீளம் வேறுபடும் டிஎன்ஏ இடங்களுக்கு) நடுவே ஜீன் இருக்கிறது. என்ஜிஏ8 ஜெல்லில் அழகாகப் பிரிகிறது: கொலம்பியாவுக்கு 154, லேண்ட்ஸ்பெர்க்குக்கு 198 பேஸ். இரு பக்கமும் ரீகாம்பினன்ட் (இரு வகைக் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்ட செடி) வருகிறது. ஆனால் நடுவில் நான் வடிவமைத்த இன்டெல் (ஒரு வகையில் சில பேஸ் கூடியோ குறைந்தோ இருக்கும்) மார்க்கர்கள் அத்தனையும் எல்லாச் செடியிலும் கொலம்பியா பட்டையை மட்டுமே தருகின்றன. இன்னும் நிறைய செடி வளர்த்தால் இந்தத் துண்டு உடையுமா?

ஜெல்தட்டு:
அவசரப்பட்டு விதைக்க வேண்டாம். லேண்ட்ஸ்பெர்க் பட்டை பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் முறையில்) எழும்பாமல் போனாலும் இப்படித்தான் தெரியும். அதே ஜெல்லில் எஃப்1-ஐயும், மியூட்டன்ட் அல்லாத உடன்பிறப்புச் செடிகளையும் ஓட்டுங்கள்.

நாற்றங்கால்:
ஓட்டினேன். எஃப்1-இல் இரண்டு பட்டையும் தெளிவு. உடன்பிறப்புகளில் கலப்பும், லேண்ட்ஸ்பெர்க் பட்டை மட்டும் உள்ளதும் வருகின்றன. ஆனால் ஒரு செடியில் ஒரு மார்க்கர் கலப்பு என்றால் மற்றவையும் கலப்புதான்.

மரபுவரைபடம்:
அப்படியானால் மார்க்கர் சரி, குரோமோசோம்தான் காரணம். இந்த இரண்டு வகைகளுக்கும் இடையே அந்தக் கையில் சுமார் 1.17 மெகாபேஸ் தலைகீழ்த் திருப்பம் இருக்கிறது. எஃப்1-இல் ஒரு துண்டு எதிரெதிர்த் திசையில் நிற்கிறது. உள்ளே ஒரு குறுக்கேற்றம் (துண்டு மாற்றம்) நடந்தால் இரண்டு சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்) உள்ள துண்டும், சென்ட்ரோமியரே இல்லாத துண்டும் உருவாகும். அந்தக் கேமீட் (இனச்செல்) பிழைத்து விதையாக வராது. ஆகவே எத்தனை செடி வளர்த்தாலும் பலன் இல்லை. மரபியலாளர் ஸ்டர்டெவன்ட் 1921-இல் இரண்டு பழ ஈ இனங்களின் வரைபடங்களை ஒப்பிட்டு, ஜீன் வரிசை புரண்டிருப்பதாகக் கண்டதும் இதுபோன்ற திருப்பம்தான்.

உறுதி செய்ய ஒரு பிசிஆர் போதும். திருப்பத்துக்கு வெளியே இடப்பக்கம் ஒரு பொது ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு). அதற்கு இரண்டு ஜோடிகள்: ஒன்று உட்பக்க இடமுனையில் எதிர்நோக்கி, மற்றொன்று உட்பக்க வலமுனையில் பொது ப்ரைமர் நோக்கும் திசையிலேயே. பின்னது கொலம்பியாவில் ஒன்றும் தராது. லேண்ட்ஸ்பெர்க்கில் துண்டு கொலம்பியாவுக்கு எதிர்த்திசையில் நிற்பதால் பட்டை விழும். அங்கே மீள்வரிசைகள் (திரும்பத் திரும்ப வரும் வரிசைகள்) அதிகம், ப்ரைமரைத் தனித்த வரிசையாகப் பார்த்து வையுங்கள்.

நாற்றங்கால்:
நன்றி! லேண்ட்ஸ்பெர்க்கை விட்டு வேறு வகையுடன் கலக்கலாமா?

மரபுவரைபடம்:
பெரும்பாலான வகைகள் லேண்ட்ஸ்பெர்க் திசையிலேயே இருக்கின்றன, திரும்பியது கொலம்பியாதான். அதனால் மியூட்டன்டை இஎம்எஸ் படாத கொலம்பியாவுடனே கலந்து விடுங்கள். திசை ஒன்றாகிவிடும், குறுக்கேற்றம் வழக்கம்போல் நடக்கும். மார்க்கருக்கு எங்கே போவது என்றால், இஎம்எஸ் விட்டுப்போன ஜி–ஏ, சி–டி மாற்றங்களே மார்க்கர்கள். எஃப்2 மியூட்டன்ட்களின் டிஎன்ஏவைச் சம அளவில் ஒன்றாகச் சேர்த்து முழு ஜீனோம் வரிசை எடுங்கள். காரணமான மாற்றம் எல்லா ரீடிலும் (படித்த டிஎன்ஏ துண்டிலும்) இருக்கும், மற்ற மாற்றங்களின் பங்கு அதிலிருந்து தள்ளித் தள்ளிப் போகப்போகப் பாதியை நோக்கி இறங்கும்.

ஜெல்தட்டு:
அதற்குள் லேண்ட்ஸ்பெர்க் எஃப்2 விதையைக் கொட்டிவிடாதீர்கள். ஜீன் அந்தக் கையில்தான் என்ற எல்லையை அதுதானே தந்தது. வரிசையில் வரும் பட்டியலை அதை வைத்தே கழிக்கலாம்.