புதுப்பிப்பு: உறைந்துபோன அப்ளிகேஷன் சர்வருக்கே கோரிக்கைகள் சென்ற சிக்கல்

இரண்டு அப்ளிகேஷன் சர்வர்களில் ஒன்று உறைந்த பிறகும் சர்வர்களுக்கிடையே சுமையைப் பகிரும் ஹெச்ஏபிராக்ஸி அதற்கே கோரிக்கைகளை அனுப்புவதாக முன்பு எழுதியிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது. சர்வர் நலமாக இருக்கிறதா என்று அறிய நாங்கள் வைத்திருந்த சோதனை, அதன் போர்ட் திறந்திருக்கிறதா என்பதை மட்டுமே பார்த்தது. கோரிக்கைகளைக் கையாளும் த்ரெட்கள் அனைத்தும் டேட்டாபேஸ் இணைப்புக்காகக் காத்துக்கிடந்தாலும், போர்ட்டில் வரும் இணைப்பை இயங்குதளம் ஏற்றுக்கொண்டுவிடுவதால், அந்த சர்வர் நலமாக இருப்பதாகவே பதிவாகிக்கொண்டிருந்தது.

இப்போது எச்டிடிபி வழியாக ஒரு சிறிய பக்கத்தைக் கேட்டு, 200 (எல்லாம் சரி) என்று பதில் வந்தால்தான் சர்வர் கோரிக்கைகளைப் பெறும் சுழற்சியில் நீடிக்கிறது. 2 வினாடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து 3 தோல்விகள் வந்தால் விலக்கல் என்ற ஹெச்ஏபிராக்ஸியின் இயல்பு அமைப்பே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. அந்தப் பக்கம் பயனர் கோரிக்கைகளைக் கையாளும் அதே த்ரெட் தொகுப்பிலிருந்து பதிலளிக்க வேண்டும். தனி போர்ட்டில், தனி த்ரெட்டில் வைத்தால் பழைய கதைதான்.

டேட்டாபேஸையும் அதிலேயே சோதிக்கலாமே என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. டேட்டாபேஸ் சற்றுத் தடுமாறினாலும் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் விலக்கப்பட்டு, பயனர்களுக்கு 503 (சேவை கிடைக்கவில்லை) என்ற பிழை மட்டுமே மிஞ்சும்.

திரும்பச் சேரும் சர்வரின் கேச் காலியாக இருக்கும் என்பதால், சுமையைப் படிப்படியாக ஏற்றும் ஸ்லோஸ்டார்ட்டையும் இயக்கியிருக்கிறேன். பயனர்களின் செஷன்கள் ஏற்கெனவே சர்வர்களுக்கு வெளியே, ரெடிஸ் என்ற பொதுச் சேமிப்பில் இருப்பதால் அங்கே வேலையில்லை. உச்ச நேரத்தில் இரண்டு சர்வர்களும் தலா 60 சதவீதச் சுமையில் ஓடுகையில் ஒன்று விழுந்தால் மற்றது தாங்காது. ஆகவே மூன்றாவது சர்வரைக் கேட்டிருக்கிறோம்.