அப்டேட்: அகத்தி – பங்காரம் போட்ல அம்மாவுக்கு வாந்தி வந்துச்சா?

லட்சத்தீவுல அகத்திலேருந்து பங்காரம், தின்னகரா பக்கம் பகல் முழுக்க போட்ல சுத்தப்போறோம், அம்மாவுக்கு மும்பைல செம்பூர்லேருந்து பன்வேல் பஸ்ல போனாலே குமட்டும், என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன்ல. போய்ட்டு வந்தாச்சு, வாந்தியே வரல. பதில் போட்ட எல்லாருக்கும் தேங்க்ஸ்.

வேலை செஞ்சது பயணத்துல வாந்தி வராம இருக்கப் போடுற அவோமின் மாத்திரைதான், ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும்னு ஒருத்தர் சொன்னாரே அதேதான், டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுத்தோம். அப்புறம் போட்டோட பின்பகுதில உட்கார வெச்சு தூரத்துல கடலும் வானமும் சேர்ற இடத்தையே பாக்கச் சொன்னோம், முன்னாடி உட்கார்ந்தவங்களை ஒவ்வொரு அலையும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. மாத்திரைக்கு செம தூக்கம் வரும், போற வழில வந்த ஆமையை அம்மா பாக்கவே இல்ல. இஞ்சி மரப்பா வெயில்ல இளகி கவரோட ஒட்டிக்கிச்சு, அதை யாரும் திங்கல.

எதிர்பாக்காதது என்னன்னா, ஆட்டமெல்லாம் அகத்திக்கும் பங்காரத்துக்கும் நடுவுல இருக்குற திறந்த கடல்ல மட்டும்தான். பவளத்திட்டுக்கு உள்ள நுழைஞ்சதும் தட்டுல ஊத்தி வெச்ச தண்ணி மாதிரி ஆயிடுது, பங்காரமும் தின்னகராவும் ஒரே லகூனுக்குள்ள (பவளத்திட்டு சுத்தி நிக்கிற அமைதியான கடல்) இருக்குறதால அந்த ரெண்டுக்கும் நடுவுல மாத்திரையே தேவையில்லன்னு தோணுது. ஆனா தண்ணி வத்துற நேரம்னா போட் கரை வரைக்கும் வராது, முழங்கால் தண்ணில இறங்கி நடக்கணும், அடியில செத்த பவளம் காலைக் கிழிக்கும், அதனால பின்பக்கம் வார் வெச்ச ரப்பர் செருப்பு கட்டாயம், சாதா ஹவாய் கழண்டு மிதந்து போயிடும். லட்சத்தீவுக்குள்ள போக வாங்குற பெர்மிட்டோட காப்பியும் கையிலயே வெச்சுக்கோங்க.