மான் வேட்டைக்கு வீட்டில் வார்க்கும் ஈயக் குண்டு: எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்?

ஏரிக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வசிக்கிறேன். இங்கே ஆண்டுதோறும் நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் துப்பாக்கி மான் வேட்டைப் பருவத்துக்காக, பழைய மார்லின் 336 ஒன்றை முறைப்படி வாங்கியிருக்கிறேன். .30-30 வின்செஸ்டர் தோட்டாவுக்கான லீவர் துப்பாக்கி அது. தோட்டாவின் விலை ஒரு காரணம் என்றாலும், பயிற்சிக்கும் வேட்டைக்கும் நானே வார்த்த ஒரே குண்டைப் பயன்படுத்தி, அதன் போக்கை முழுமையாக அறிந்த பிறகே காட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதுதான் முதன்மையான நோக்கம்.

குண்டு கடினமாக இருந்தால்தான் குழலில் ஈயம் படியாது என்று சிலர் சொல்கிறார்கள். கடினமான குண்டு மானின் உடலில் விரியாமல் ஊடுருவிச் சென்றுவிடும், ஆகவே மென்மையாக இருக்க வேண்டும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டில் எதைப் பின்பற்றுவது? டயர் கடையில் கிடைக்கும் பழைய சக்கர எடைக்கட்டிகள் இதற்குப் போதுமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருப்பதால், கார் கொட்டகையில் ஈயம் உருக்குவது சரியா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வடக்குக்காடு

ஏரிக்கரையான் அவர்களுக்கு வணக்கம். கடினமா மென்மையா என்று கேட்பதற்கு முன், உங்கள் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். குழலில் ஈயம் படிவதற்குப் பெரும்பாலும் குண்டின் மென்மை காரணமன்று. குண்டு குழலைவிடச் சிறியதாக இருப்பதே காரணம். குண்டுக்கும் குழலின் சுவருக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி இருந்தால்கூட, வெடிமருந்து எரிந்து எழும் வெப்ப வாயு அந்த வழியே பீறிட்டுப் பாய்ந்து, குண்டின் ஓரத்தை அரித்து, அரித்த ஈயத்தை எஃகின் மீது பற்றவைத்தது போல ஒட்டிவிடுகிறது. இதைக் கண்டு கலங்கி உலோகத்தை இன்னும் கடினமாக்கினால் நிலை மோசமாகும். ஓரளவு மென்மையான குண்டாவது அழுத்தத்தில் சற்றுப் பருத்து இடைவெளியை அடைக்கும். கடினமானது அதையும் செய்யாது.

ஆகவே முதலில் குழலை அளந்துவிடுங்கள். துப்பாக்கியில் தோட்டா ஏதும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, குழலில் எண்ணெய் தடவி, தூய மென் ஈயத் துண்டு ஒன்றை மரக்கோலால் மெல்லத் தட்டி உள்ளே செலுத்தி மறுபுறம் எடுத்து, அதன் மிகப் பெரிய விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். .30-30க்குப் பெயரளவில் இது 0.308 அங்குலம். உங்கள் துப்பாக்கியில் 0.3085 என்றோ 0.309 என்றோ வந்தாலும் வியப்பில்லை. குண்டு அந்த அளவைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் வரை பெரியதாக இருக்க வேண்டும். 1950களின் நடுப்பகுதியிலிருந்து வந்த மார்லின் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை மைக்ரோ-குரூவ் என்னும் ஆழமற்ற பல வரிகள் கொண்ட குழலுடன் வந்தவை. அவற்றில் வார்ப்புக் குண்டு சரியாகப் பறக்காது என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. 0.310 அல்லது 0.311 அளவில் குண்டைப் பொருத்திய பலரும் அந்தப் பேச்சைப் பொருட்படுத்துவதில்லை. நானும் அவர்களில் ஒருவன்.

இனிக் கடினத்துக்கு வருகிறேன். பிரினெல் என்னும் கடின அளவையில் தூய காரீயம் (ஈயம்) சுமார் 5. சக்கர விளிம்பில் மாட்டும் கொக்கியுடன் வரும் பழைய சக்கர எடைக்கட்டிகளில் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆன்டிமனி என்னும் கடினமாக்கும் உலோகமும் மிகச் சிறிதளவு வெள்ளீயமும் இருப்பதால் அது 10 முதல் 12 வரை வரும். 90 பங்கு காரீயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி சேர்ந்த லைமன் இரண்டாம் எண் கலவை 15. அச்சகங்களில் எழுத்து வார்க்கும் லைனோடைப் உலோகம் 22க்கு அருகில். உங்கள் தோட்டாவில் 170 கிரெய்ன், அதாவது சுமார் 11 கிராம் எடையுள்ள, அடியில் காஸ் செக் என்னும் சிறு செப்புத் தொப்பி பொருத்திய குண்டு வினாடிக்கு 2000 அடி வேகம் வரை நன்றாகத் தாங்கும். அதற்குச் சக்கர எடைக்கட்டி உலோகத்துடன் 2 விழுக்காடு வெள்ளீயம் சேர்த்தாலே போதும். வெள்ளீயம் கடினத்துக்காகச் சேர்ப்பதன்று. உருகிய உலோகம் அச்சின் மூலைகளில் கூர்மையாக நிரம்ப அது துணைசெய்கிறது. விலை மிகுந்த பொருள் என்பதால் அதற்கு மேல் சேர்ப்பது வீண்.

மான் வேட்டைக்கு நான் இன்னும் ஒரு படி இறங்கி, எடைக்கட்டி உலோகமும் தூய காரீயமும் சரிபாதி கலந்து, மேலே சிறிது வெள்ளீயம் சேர்த்து வார்க்கிறேன். குண்டு விரிந்து திறக்கும், நொறுங்காது. ஆன்டிமனி மிகுந்த லைனோடைப் குண்டு எலும்பில் பட்டால் உடைந்து சிதறக்கூடும், ஆகவே தாள் இலக்குக்குப் பொருத்தமானது வேட்டைக்குப் பொருந்தாது. குண்டின் மூக்கு அகன்று தட்டையாக இருக்க வேண்டும் என்பதில் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது. தட்டை மூக்கு விரியாமற் போனாலும் ஆழமான காயம் உண்டாக்கும் என்பது ஒருபுறம். உங்கள் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீள் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், கூரான மூக்கு முன்னுள்ள தோட்டாவின் எரியூட்டியை அழுத்தி வெடிக்கச் செய்யும் அபாயம் உண்டு என்பது அதைவிட முக்கியமானது. லைமன் 311041 அச்சு இந்தத் தோட்டாவுக்கென்றே வந்த தட்டை மூக்கு வடிவம். தொடங்குபவருக்கு அதைப் பரிந்துரைக்கிறேன்.

அச்சுக்கோத்தவர்

நான் துப்பாக்கி சுடுபவன் அல்லன். சென்னையில் அச்சகத்தில் உருகிய உலோகத்தோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, இப்போது மிச்சிகனில் மகனோடு இருக்கிறேன். மகன் குண்டு வார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

லைனோடைப் உலோகம் என்று விற்கப்படுவது ஏட்டளவில் 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். ஆனால் அச்சகங்களில் அது மீண்டும் மீண்டும் உருக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் மேலே ஏடாகப் படிந்து கழிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுசெய்ய நாங்கள் அவ்வப்போது சத்துக்கட்டி சேர்ப்போம். மூடிய அச்சகத்திலிருந்து வந்த பழைய கட்டியில் ஏட்டுக் கணக்கு அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். கணக்குச் சரியாக இருக்கும் உலோகம் கிடைத்தால், ஒரு பங்கு லைனோடைப்புடன் மூன்று பங்கு தூய காரீயம் சேர்த்தால் 3 விழுக்காடு ஆன்டிமனியும் 1 விழுக்காடு வெள்ளீயமும் வரும். வடக்குக்காடு அவர்கள் சொன்ன எடைக்கட்டி உலோகத்துக்கு ஏறத்தாழ அது நிகரானது.

மேலே படியும் சாம்பல் நிற ஏட்டைக் கண்டவுடன் கரண்டியால் வழித்து எறிந்துவிடுகிறார்கள். அதில் நல்ல வெள்ளீயமும் போய்விடுகிறது. தேன்மெழுகுத் துண்டு ஒன்றையோ காய்ந்த மரத்தூளையோ போட்டு, அடிவரை நன்றாகக் கிளறினால், கரி அந்த ஆக்சைடை மீண்டும் உலோகமாக்கிக் கலத்துக்குள்ளேயே சேர்த்துவிடும். அதன் பின் எஞ்சும் தூளை மட்டும் வழித்து மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். அந்தத் தூள்தான் மிகவும் நச்சு.

சக்கர எடைக்கட்டிகளில் இப்போது துத்தநாகமும் இரும்பும் மிகுதியாகக் கலந்து வருகின்றன. கலிபோர்னியா 2010இல் ஈய எடைக்கட்டிகளைத் தடைசெய்தது. வேறு சில மாநிலங்களும் அவ்வழியே சென்றன. காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும், துத்தநாகம் 419இல்தான் உருகும். ஆகவே வெப்பமானியை வைத்து 370 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், துத்தநாகக் கட்டி உருகாமல் மேலே மிதக்கும், எடுத்து எறிந்துவிடலாம். அது ஒரு முறை உருகிக் கலந்துவிட்டால் உலோகம் கூழ்போலத் திரண்டு அச்சில் நிரம்ப மறுக்கும். கார் பேட்டரித் தகடுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் உருக்காதீர்கள். அவற்றில் உள்ள ஆர்செனிக், ஆன்டிமனி, கால்சியம் ஆகியவற்றால் ஆர்சின், ஸ்டிபைன் போன்ற கொடிய வாயுக்கள் எழக்கூடும்.

ஈரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உருகிய ஈயத்தின் மேற்பரப்பில் ஒரு துளி விழுந்தால் சீறி ஆவியாகிவிடும். ஈரமான கட்டி ஒன்று உள்ளே மூழ்கினால், நீர் நொடியில் ஆவியாக விரிந்து கலத்தில் உள்ள உலோகம் முழுவதையும் முகத்தில் வாரியடிக்கும். புதிய கட்டியைக் கலத்தின் விளிம்பில் வைத்துச் சூடேற்றிய பிறகே உள்ளே விடுங்கள். முகக் கவசம், தோல் கையுறை, நீண்ட கைச்சட்டை, மூடிய காலணி இல்லாமல் கலத்தின் அருகே நிற்கவே கூடாது.

வெள்ளைக்கோட்டு

குழந்தையைப் பற்றிய கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல வந்தேன். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். கார் கொட்டகை வீட்டோடு ஒட்டியிருந்து, அதன் கதவு சமையலறைக்கோ கூடத்துக்கோ திறக்குமானால், அங்கே உருக்காதீர்கள். வெளியில், காற்று ஒருபுறமாக ஓடும் கூரையடியில் செய்யுங்கள்.

காரீயத்தின் கொதிநிலை ஏறத்தாழ 1750 பாகை செல்சியஸ் என்பதால், 370 பாகையில் வார்க்கும்போது எழும் ஈய ஆவி மிகக் குறைவு. உண்மையான ஆபத்து தூசியில் இருக்கிறது. வழித்த ஏட்டின் தூள் கையிலும் சட்டையிலும் காலணி அடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. தரையில் தவழ்ந்து விளையாடி விரலை வாயில் வைக்கும் குழந்தைக்குச் சேர்வது அதுவே. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளுக்கான குறிப்பு அளவை ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. பாதுகாப்பான அளவு என்று எதையும் அது சொல்லவில்லை. வார்ப்பதற்கென்றே தனி உடையும் காலணியும் வைத்துக்கொண்டு வாசலிலேயே மாற்றுங்கள்; அவ்வுடையைத் தனியாகத் துவையுங்கள்; தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்; சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். தொடங்குவதற்கு முன்பே நீங்களும் குழந்தையும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

இறைச்சியையும் நினைவில் கொள்ளுங்கள். 2008இல் வடக்கு டகோட்டா மாநிலம், ஏழைகளுக்குக் கொடையாக வந்த அரைத்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் இருந்ததால் அதை அப்புறப்படுத்தும்படி உணவு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கழுகுகளின் நிலையும் கவலைக்குரியது. 38 மாநிலங்களில் 1210 கழுகுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பறவைகளிடம் நெடுநாள் ஈய நச்சின் அடையாளம் காணப்பட்டது. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுச்செல்லும் குடல் குவியலைத் தின்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஈயத்தைத் தாள் இலக்கோடு நிறுத்திக்கொண்டு, மானுக்கு முழுச் செம்புக் குண்டைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வடக்குக்காடு

வெள்ளைக்கோட்டு அம்மையார் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் சுட்டிக்காட்ட வேண்டும். இறைச்சியில் தூளாகச் சிதறுவது முக்கியமாக மெல்லிய செப்பு உறையும் மென் ஈய உட்கருவும் கொண்டு மிக வேகமாகப் பறக்கும் கடைக் குண்டுகள். வினாடிக்கு 2000 அடிக்கும் குறைவான வேகத்தில் செல்லும், கலவை சரியாக அமைந்த முழு வார்ப்புக் குண்டு பெரும்பாலும் ஒரே துண்டாக மறுபுறம் வெளியேறுகிறது. துகளே இராது என்று நான் சொல்லவில்லை. காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிவதும், குடல் குவியலை ஆழப் புதைப்பதும் ஈயம் பயன்படுத்துபவரின் கடமை. கலிபோர்னியாவில் இந்தத் தெரிவே கிடையாது. காண்டர் கழுகைக் காக்க 2013இல் இயற்றிய சட்டப்படி, 2019 ஜூலை முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது.

நெறியாளர்

இந்த உரையாடல் அமெரிக்கச் சட்டச் சூழலுக்கு மட்டுமே பொருந்தும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. வெடிமருந்து அளவுகளை இங்கே யாரும் பதிவிட வேண்டாம். அவற்றை அச்சிட்ட கையேட்டில் மட்டுமே பார்க்க வேண்டும்.

ஏரிக்கரையான்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குழலை அளந்தேன், 0.3085 அங்குலம் வந்தது. என் கொட்டகைக் கதவு சமையலறைக்கே திறப்பதால், தோட்டத்து ஓரத்தில் உள்ள மரக் கூரையின் கீழ் உருக்க முடிவுசெய்துவிட்டேன். இரத்தப் பரிசோதனைக்கும் நேரம் பதிந்தாயிற்று. ஒரு நண்பரின் அச்சில் வார்த்துப் பார்த்ததில், சில குண்டுகள் சுருக்கம் விழுந்தும் சில பனி படர்ந்தது போல வெளுத்தும் வந்தன. அனைத்தையும் மீண்டும் உருக்க வேண்டுமா?

வடக்குக்காடு

சுருக்கம் விழுந்தவற்றை உருக்கிவிடுங்கள். அச்சு போதிய சூடு பெறவில்லை, அல்லது அதன் உட்குழியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. வெளுத்தவை அச்சு அதிகம் சூடேறியதால் வந்தவை. ஓரங்கள் கூர்மையாக நிரம்பியிருந்தால் அவற்றைத் தாராளமாகச் சுடலாம். அடிப்பகுதி முழுமையாக இல்லாத குண்டு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிப்பகுதி; அங்கே உள்ள சிறு பள்ளம்கூட வாயுவை ஒருபுறமாகத் தள்ளிக் குண்டைத் திசைமாற்றிவிடும்.

வார்த்த குண்டை அழுத்திச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவரும் சீராக்கும் அச்சில், உங்கள் குழலுக்கு 0.310 அளவு பொருந்தும். தேன்மெழுகும் அலாக்ஸ் என்னும் மசகுப் பொருளும் சரிபாதி கலந்த மசகைக் குண்டின் வரிப்பள்ளங்களில் நிரப்புங்கள். எடைக்கட்டி உலோகம் காற்றில் ஆறிய பின்னும் சில வாரங்கள் மெல்லக் கடினமாகிக்கொண்டே இருக்கும். ஆகையால் நவம்பர் வேட்டைக்கான குண்டுகளைச் செப்டம்பரிலேயே வார்த்து, அதே வார்ப்பிலிருந்து எடுத்தவற்றைக் கொண்டே குறிநோக்கியைச் சரிசெய்துகொள்ளுங்கள். நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை இந்தக் குண்டால் சுட வேண்டாம்.